48 ஓட்டு வித்தியாசம், 111 செல்லாத தபால் ஓட்டு: உறைகளுக்குள் நடப்பது என்ன?

2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியின் கணக்கு இது. கோரேகாவ், திண்டோஷி, ஜோகேஸ்வரி கிழக்கு, வெர்சோவா, அந்தேரி கிழக்கு, அந்தேரி மேற்கு என்ற ஆறு சட்டமன்றப் பகுதிகளிலும் இயந்திர ஓட்டுகளை எண்ணி முடித்தபோது, சிவசேனையின் உத்தவ் தாக்கரே தரப்பைச் சேர்ந்த அமோல் கீர்த்திகர் 4,51,095 வாங்கியிருந்தார். அதே கட்சியின் ஷிண்டே தரப்பைச் சேர்ந்த ரவீந்திர வாய்க்கர் 4,51,094. கீர்த்திகருக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதல். தபால் ஓட்டில் வாய்க்கருக்கு 1,550, கீர்த்திகருக்கு 1,501. கூட்டினால் வாய்க்கர் 48 ஓட்டில் வெற்றி. செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகள் 111.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த வகைக் கணக்கு புதிதல்ல. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். அங்கே ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகள் 203. இரண்டு ஊரிலும் வித்தியாசத்தைவிடச் செல்லாத தபால் ஓட்டு அதிகம்.

இயந்திரத்தில் போட்ட ஓட்டு செல்லாமல் போக வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். பொத்தானை அழுத்தினால் பதிவாகிவிடும். தபால் ஓட்டு அப்படியல்ல. யாருக்குப் போட்டார் என்று எவரும் பார்ப்பதற்கு முன்பே, கூட வந்த ஒரு தாளில் உள்ள கையெழுத்து சரியா இல்லையா என்பதில் அதன் தலையெழுத்து தீர்ந்துவிடுகிறது. சர்ச்சைகளில் பெரும்பாலானவை அந்தத் தாளைச் சுற்றித்தான் நடக்கின்றன.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

மும்பைத் தமிழர்களிடம் அடிக்கடி எழும் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். "எனக்கு ஊரில் ஓட்டு இருக்கிறது, வேலை இங்கே. தபாலில் போடலாமா?" போட முடியாது. வெளியூரில் வேலை செய்வது மட்டும் தபால் ஓட்டுக்குத் தகுதி ஆகாது. சட்டத்தின் பார்வையில் நீங்கள் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் ஓட்டு. மும்பையில் நிலையாகத் தங்கிவிட்டால் படிவம் 8 கொடுத்துப் பெயரை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரயிலேறி ஊருக்குப் போக வேண்டும். உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 72 தொகுதிகளைக் கையாளக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்து, அடுத்த மாதம் கட்சிகளை அழைத்தது. கட்சிகள் பல கேள்விகளைக் கிளப்பியதோடு அது நின்றது.

தபால் ஓட்டு கிடைப்பவர்கள் சில வகையினர்தான். ராணுவம், துணை ராணுவம், மாநிலத்துக்கு வெளியே பணியிலிருக்கும் ஆயுதப் போலீஸ், வெளிநாட்டில் பணியாற்றும் மத்திய அரசு ஊழியர்கள் ஆகியோர் சேவை வாக்காளர்கள். கொலாபாவின் கடற்படைக் குடியிருப்பில் இருந்துகொண்டு தூத்துக்குடி மாவட்டத்தில் ஓட்டு வைத்திருக்கும் மாலுமி இந்த வகை. கூடவே வசிக்கும் மனைவிக்கும் உண்டு. பெண் அதிகாரியின் கணவருக்கு இல்லாதிருந்த இந்த உரிமையை 2021-இல் செய்த சட்டத் திருத்தம் அவருக்கும் தந்தது. அடுத்து, தேர்தல் பணியில் இருப்பவர்கள். பிறகு 85 வயது கடந்தவர்கள், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகள், ரயில்வே போன்ற அத்தியாவசியப் பணிகளில் இருப்பதாக அறிவிக்கப்பட்டவர்கள். தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் தபால் ஓட்டு உண்டு. சாதாரணச் சிறைக் கைதிக்கு இல்லை.

தேர்தல் பணியாளர்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மாநகராட்சித் தமிழ் வழிப் பள்ளியின் ஆசிரியை ஒருவருக்குச் செம்பூரில் ஓட்டு, தாராவியில் பூத் பணி என்று வைத்துக்கொள்வோம். மக்களவைத் தேர்தலில் இரண்டும் மும்பை தென்மத்தியத் தொகுதிக்குள் வருகின்றன. அதனால் அவருக்குத் தபால் ஓட்டே வேண்டாம். படிவம் 12-ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கிக்கொண்டால், வேலை பார்க்கும் பூத்திலேயே இயந்திரத்தில் போட்டுவிடலாம். அதே ஆசிரியையை முலுண்டுக்கு அனுப்பினால் தொகுதி மாறிவிடுகிறது. படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டுத்தான். சட்டமன்றத் தேர்தல் என்றால் எல்லை இன்னும் சிறியது, செம்பூரும் தாராவியும் வேறு வேறு தொகுதிகள். பணிச் சான்றுக்கு வாக்குப்பதிவுக்கு 4 நாள் முன்பு, தபால் ஓட்டுக்கு 7 நாள் முன்பு விண்ணப்பிப்பது விதி. இரண்டில் எது தனக்கு என்று பயிற்சி வகுப்பின் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சான்று கிடைக்கக்கூடியவர் அதையே வாங்க வேண்டும். காகிதத்தில் போடும் ஓட்டுக்கு உள்ள ஆபத்து எதுவும் அதில் இல்லை.

இரண்டு உறை, ஒரு உறுதிமொழி

வாக்காளர் கையில் நான்கு தாள்கள் வருகின்றன: வாக்குச்சீட்டு, படிவம் 13-ஏ என்ற உறுதிமொழி, 13-பி என்ற சிறிய உறை, 13-சி என்ற பெரிய உறை. எப்படிப் போடுவது என்ற குறிப்பு 13-டி.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்கு எதிரே டிக் அல்லது பெருக்கல் குறி போட வேண்டும். அதைச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். உறையின் மேல் வாக்குச்சீட்டின் வரிசை எண் இருக்கும். அதே எண்ணை உறுதிமொழியிலும் எழுதி, தகுதியுள்ள அதிகாரி ஒருவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். பிறகு ஒட்டிய சிறிய உறையையும் உறுதிமொழியையும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். உறுதிமொழி சிறிய உறைக்குள் போய்விடக் கூடாது.

ஏன் இத்தனை சுற்று? பூத்தில் உங்களை அடையாளம் பார்ப்பவர் ஒருவர். நீங்கள் ஓட்டுப் போடும் மறைவிடம் வேறு. தபாலில் இரண்டும் ஒரே கட்டில் வருகின்றன. ஓட்டுப் போட்டவர் யார் என்று உறுதிமொழி சொல்கிறது. யாருக்குப் போட்டார் என்று வாக்குச்சீட்டு சொல்கிறது. இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் ரகசியம் போச்சு. அதனால் முதலில் உறுதிமொழியை மட்டும் பார்த்து, அவற்றைக் கட்டி முத்திரையிட்ட பிறகே சிறிய உறைகளைத் திறக்க வேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 54-ஏ. தபால் ஓட்டு எண்ணிக்கையின் முழு அமைப்பும் இந்த ஒரு விதியின் மீது நிற்கிறது.

தேர்தல் பணியாளர்கள் இப்போது உறைகளை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வசதி மையத்திலேயே சீட்டை வாங்கி, அங்கேயே குறியிட்டு, அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். சான்றொப்பம் போட ஒரு கெசட்டட் அதிகாரி அங்கேயே உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் வாக்குச்சீட்டு பல நாள் கைப்பையில் சுற்றியது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று சங்கத் தலைவர்கள் வாங்கிப் பார்த்ததாகப் புகார்கள் வந்தன. அதற்கு வைத்த தடுப்புத்தான் இது.

பெயரில் மின்னணு, திரும்புவது காகிதம்

சேவை வாக்காளர்களுக்கு 2016 அக்டோபரில் விதி மாறியது. அதுவரை சீட்டு போவதற்கே தபால். எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேரும்போது எண்ணிக்கை முடிந்திருக்கும். இப்போது போகும் வழி மின்னணு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கோடு சேர்ந்து ஆணையம் உருவாக்கிய இம்முறை முதலில் ஓடியது புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில், 2016 நவம்பரில். 2019-இல் 18 லட்சம் சேவை வாக்காளர்களுக்கு இப்படிச் சீட்டு போனது; சுமார் 60 விழுக்காடு திரும்பி வந்தது.

வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் பூட்டிய கோப்பாக ஏற்றுகிறார். ஓடிபி கொண்டு பதிவிறக்கி, பின் எண் கொண்டு திறந்து, அச்சிட வேண்டும். சீட்டு, உறுதிமொழி, உறைகளில் ஒட்டும் தாள்கள் எல்லாம் அச்சாகி வரும். அதற்குப் பிறகு எல்லாம் பழைய முறைதான்: பேனா, பசை, அதிகாரியின் கையெழுத்து, விரைவுத் தபால். எண்ணும் நாள் காலை 8 மணி வரை வந்தால்தான் கணக்கு. 8.05-க்கு வந்த உறையின் மேல் நேரத்தை எழுதி, பிரிக்காமல் தனிக் கட்டில் போட்டுவிடுவார்கள்.

இந்த உறைகளில் கியூஆர் குறிகள் உண்டு. பெரிய உறையின் குறியை முதலில் ஸ்கேன் செய்வார்கள். கணினி ஒரு வரிசை எண் தரும், அதை உறையின் மேல் எழுதுவார்கள். பிறகு திறந்து, உறுதிமொழியின் குறியையும் சிறிய உறையின் குறியையும் ஸ்கேன் செய்து, எல்லாம் ஒரே வாக்காளருடையவைதானா என்று ஒப்பிடுவார்கள். ஒரே ஆளின் பெயரில் இரண்டு உறை வந்திருந்தால் இங்கே பிடிபடும். மங்கலான அச்சு, குறியின் மேல் விழுந்த மடிப்பு, வழிந்த பசை எல்லாம் ஸ்கேனரைத் திணறடிக்கும். நேரம் போவது இங்கேதான். ஓர் உறையில் நான்கைந்து முறை ஸ்கேன் என்றால், இரண்டாயிரம் உறைக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

மும்பை வடமேற்கில் எழுந்த இன்னொரு புரளிக்கும் விடை இதில் இருக்கிறது. எண்ணும் மையத்தில் கைபேசிக்கு வந்த ஓடிபியால் வாக்கு இயந்திரம் திறக்கப்பட்டதாக ஒரு செய்தி பரவியது. இயந்திரம் எந்த வலையமைப்போடும் சேராத தனிக் கருவி, அதற்கு ஓடிபி என்று எதுவும் இல்லை. எண்ணிக்கை விவரங்களை இணையத்தில் ஏற்றும் தளத்துக்குள் நுழையத்தான் ஓடிபி என்று தேர்தல் நடத்தும் அலுவலர் விளக்கினார். செய்தியை வெளியிட்ட நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. சேவை வாக்காளரின் சீட்டுக்கும் ஓடிபி உண்டு, ஆனால் அது பதிவிறக்கும்போது மட்டும். எண்ணுவது கையால், காகிதத்தைப் பிரித்து.

வீட்டுக்கு வரும் பெட்டி

மாட்டுங்காவிலும் முலுண்டிலும் தனியே இருக்கும் தமிழ்ப் பெரியவர்களுக்குப் பயன்படும் பகுதி இது. வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடுவதற்கான வயது வரம்பு முன்பு 80. 2024 மார்ச்சில் 85 ஆனது. அதற்கான விண்ணப்பமான படிவம் 12-டியை பூத் நிலை அலுவலர் வீட்டுக்குக் கொண்டு வருவார். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏற்கப்பட்டால் இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் கொண்ட குழு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும். வேட்பாளர்களின் முகவர்களும் உடன் வரலாம். மடிப்பு அட்டையால் மறைவு ஏற்படுத்துவார்கள்; குறியிடுவதை வீடியோவில் எடுக்கக் கூடாது. கண் தெரியாதவர், கை நடுங்குபவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வரும் சிக்கல் பெரும்பாலும் வீட்டிலேயே கிளம்புகிறது. மகன் 12-டியில் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருப்பார். வாக்குப்பதிவு நாளன்று பாட்டிக்கு பூத்துக்குப் போக ஆசை வரும். போனால் ஓட்டு இல்லை. 12-டி ஏற்கப்பட்டதுமே வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். குழு முதல்முறை வரும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வரும், மூன்றாவது முறை கிடையாது. புணேயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார் என்றால் அந்தத் தேர்தலுக்கு அவ்வளவுதான்.

மேஜையில் நடப்பது

மக்களவைத் தேர்தலில் இயந்திரங்களை ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் தனித்தனி அரங்கில் எண்ணுவார்கள். தபால் ஓட்டு மட்டும் முழுத் தொகுதிக்கும் ஒரே இடத்தில், தேர்தல் நடத்தும் அலுவலரின் நேரடிப் பொறுப்பில். ஒரு மேஜைக்கு ஒரு சுற்றில் 500 உறைக்கு மேல் கொடுக்கக் கூடாது. காலை 8-க்குத் தபால் ஓட்டு, 8.30-க்கு இயந்திரம்.

பெரிய உறையைப் பிரித்ததும் உறுதிமொழி பார்க்கப்படும். அது உள்ளே இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, கணிசமான குறை இருக்கிறது, அதில் எழுதிய வரிசை எண் சிறிய உறையின் எண்ணோடு பொருந்தவில்லை: இவற்றில் எது இருந்தாலும் சிறிய உறையைத் திறக்கவே மாட்டார்கள். காரணத்தை அதன் மேல் எழுதி, உறுதிமொழியோடு மறுபடி பெரிய உறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். எண்ணை எழுதும்போது ஒரு இலக்கம் தவறினாலே போதும். சரியானவற்றின் உறுதிமொழிகளைக் கட்டி முத்திரையிட்ட பிறகு, இரண்டாம் கட்டமாகச் சிறிய உறைகள் திறக்கப்படும்.

இரண்டாம் கட்டத்தில் ஓட்டே பார்க்கப்படுகிறது. எதுவும் குறியிடாமல் இருந்தால், இரண்டு பேருக்குக் குறியிட்டிருந்தால், குறி யாருக்கு என்றே தெரியாமல் இரண்டு பெயருக்கு நடுவே விழுந்திருந்தால், போலிச் சீட்டாக இருந்தால், அடையாளம் காண முடியாதபடி கிழிந்திருந்தால், கொடுத்த உறையில் வராமல் வேறு உறையில் வந்தால் தள்ளுபடி. வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்தோ குறியோ இருந்தாலும் தள்ளுபடி. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கீழே கையெழுத்துப் போட்டே பழகிய அரசு ஊழியர்கள் வாக்குச்சீட்டிலும் போட்டுவிடுவதால் இழக்கும் ஓட்டு இது. ஆனால் குறி மங்கலாக இருக்கிறது, ஒரே பெயருக்கு எதிரே இரண்டு முறை டிக் விழுந்திருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது; எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் செல்லும். நோட்டாவுக்குப் போட்டதும் செல்லாத ஓட்டு அல்ல, தனிக் கணக்கு. முகவராக உட்காருபவர் இந்த இரண்டு கட்டத்தையும் குழப்பிக்கொள்ளாமல், தள்ளப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப்படுகிறதா என்று பார்த்தால் போதும். பின்னால் நீதிமன்றம் கேட்பது அந்தக் காரணத்தைத்தான்.

வெற்றி வித்தியாசம், செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், தள்ளியவை அனைத்தையும் தேர்தல் ஆணையம் அனுப்பிய பார்வையாளர் முன்னிலையில் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும். வீடியோ பதிவும் உண்டு. மும்பை வடமேற்கில் 48-ஐவிட 111 பெரிது என்பதால் அப்படி மறுபார்வை நடந்தது, முடிவு மாறவில்லை. கீர்த்திகரின் தேர்தல் மனுவை 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

யார் கையெழுத்து செல்லும்?

"கணிசமான குறை" என்ற சொல்தான் எல்லா வழக்குக்கும் வாசல். எது கணிசம் என்பதை மேஜையில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார், அதுவும் இரண்டு கட்சி முகவர்கள் காதருகே கத்திக்கொண்டிருக்கும்போது.

ராதாபுரத்தில் 203 உறுதிமொழிகளில் சான்றொப்பம் போட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்கள் கெசட்டட் அதிகாரிகள் அல்ல என்று ஓட்டுகள் தள்ளப்பட்டன. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. குஜராத்தின் தோல்காவில் 2017-இல் பூபேந்திரசிங் சூடாசமா 327 ஓட்டில் வென்றார், தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 429. 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே செல்லாது என்றது. சில நாளில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. கேரளத்தின் பெரிந்தல்மண்ணாவில் 2021-இல் வித்தியாசம் 38, தள்ளப்பட்டவை 348. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023-இல் தபால் ஓட்டுப் பெட்டி ஒன்று சார்நிலைக் கருவூலத்தில் காணாமல் போய், மலப்புரத்தில் கூட்டுறவுத் துறை அலுவலகம் ஒன்றில் கிடைத்தது. கடைசியில் 2024-இல் வென்றவரின் வெற்றியையே உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. சான்றொப்பம் போடுபவர் கெசட்டில் இருக்கிறாரா, முத்திரை வைத்தாரா, பதவியை எழுதினாரா என்பதெல்லாம் வாக்காளர் கையில் இல்லை. தண்டனை மட்டும் வாக்காளருக்கு. 2024-இல் ஆந்திரத்தில் இதை ஆணையம் ஓரளவு சரி செய்தது: வசதி மையத்துக்கென நியமித்த அதிகாரியின் கையெழுத்து இருந்தால் போதும், பெயரும் பதவியும் முத்திரையும் இல்லை என்பதற்காகத் தள்ள வேண்டாம் என்றது. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் எதிர்த்துப் போனது. எண்ணிக்கைக்கு முந்தின நாள், ஜூன் 3-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. சரியான முடிவு என்றே தோன்றுகிறது. அதிகாரியை நியமித்ததே ஆணையம் என்கிறபோது, அவர் யார் என்று வாக்காளரைக் கேட்பதில் நியாயம் இல்லை.

எண்ணும் வரிசையிலும் ஒரு பழைய கட்டுப்பாடு போய்த் திரும்பி வந்திருக்கிறது. தபால் ஓட்டு முடியும் முன் இயந்திரத்தின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்பது அந்தக் கட்டுப்பாடு. சேவை வாக்காளர் உறைகளின் ஸ்கேனிங் இழுக்கிறது என்று 2019 மே மாதம் அதை நீக்கினார்கள். விளைவு, இயந்திர முடிவு மொத்தமும் தெரிந்த பிறகு தபால் மேஜையில் சண்டை. எத்தனை ஓட்டைத் தள்ளினால் யார் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். 2025 செப்டம்பரில் ஆணையம் பழைய கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டு வந்து, பிகார் தேர்தலில் நடைமுறைப்படுத்தியது. தபால் ஓட்டு அதிகமுள்ள இடங்களில் கூடுதல் மேஜையும் ஆளும் போடச் சொல்லியிருக்கிறது. மேஜை போதாத இடத்தில் இந்தக் கட்டுப்பாடு முடிவைத் தாமதப்படுத்தும், அதில் ஐயமில்லை. ஆனால் தள்ளுபடியைத் தீர்மானிப்பவருக்கு வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பது, இரண்டு மணி நேரத் தாமதத்தைவிட மதிப்புள்ளது.